ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

சிபி என்கிற மூளை முடக்குவாதம் இருக்கிற குழந்தையை வளர்க்கிறவர்களிடம் என்றைக்காவது ஒருநாள் யாராவது ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிப் பேசிவிடுவார்கள். சொந்தக்காரர் ஒருவர் வீடியோ அனுப்புவார், அல்லது தெரபி சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுவார். எங்களுக்கு அது வந்த நேரத்தில் விசாரித்துக் கேட்க ஓர் ஆள்கூட இல்லை. மூன்றரை லட்சம் கட்டி என் மகனுக்கு அதைச் செய்தோம். அதனால் வந்த கடனில் அவனுடைய பிசியோதெரபியே நின்றுபோனது. மறுபடி பழைய நிலைக்கு அவனைக் கொண்டுவர ஒன்றரை வருடம் பிடித்தது. முன்கூட்டியே யாராவது என்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ ராத்திரி அழுதிருக்கிறேன். இப்போது அதே இடத்தில் நிற்கிற வேறொரு அம்மா அப்பாவுக்காக, செலவான தொகை உட்பட எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டையில். என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மகன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான், எடை ஒன்றரைக் கிலோதான். பல வாரம் என்ஐசியுவில் இருந்தான். வீட்டுக்கு வந்த பிறகு குப்புற விழுவதே தாமதமாகத்தான் நடந்தது. ஒரு வயது நெருங்கியும் உட்காரவில்லை. தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் விறைத்துப் பின்னிக்கொள்ளும், குதிகால் தரையில் படாது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்குள் நரம்பு போகும் வெள்ளைப் பகுதியில் வருகிற பாதிப்பு, பெயர் பிவிஎல் என்றார்கள். அதனால் வந்தது மூளை முடக்குவாதம். அதிலும் கைகளைவிடக் கால்களைத்தான் அதிகம் இறுக்குகிற ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இனி அதிகமாகாது, அதே சமயம் அழிந்தும் போகாது. வளர வளரத் தசையும் எலும்பும் கெட்டுப்போகாமல் காப்பாற்றுவதுதான் நம் வேலை என்று அன்றைக்கு ஒரு அரசு டாக்டர் சொன்னார். அவர் சொன்னதற்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழந்தைக்கு ஜிஎம்எஃப்சிஎஸ் நிலை, அதாவது உடல் அசைவுத் திறனைக் குறிக்கிற நிலை, எத்தனை என்று டாக்டரிடமோ பிசியோவிடமோ கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை இருக்கும். ஒன்று என்றால் தானாக நடக்கும் குழந்தை, ஐந்து என்றால் தலை நிற்கவே உதவி வேண்டிய குழந்தை. என் மகன் மூன்று. அதாவது வாக்கர் பிடித்து நடக்க வாய்ப்பு அதிகம், வெளியே தூரம் போக வீல்சேர் தேவைப்படலாம். இந்த எண் கையில் இருந்தால் எதை எதிர்பார்க்கலாம், யார் நம்மிடம் அளவுக்கு மீறிச் சொல்கிறார்கள் என்பது புரியும். ஸ்டெம் செல் சென்டரில் கடைசிவரை யாரும் இந்த எண்ணை என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இரண்டரை வயது வரை ஒழுங்காகத் தெரபி போய்க்கொண்டிருந்தது. ஒரு பிசியோ பெண் வீட்டுக்கே வருவார், ஒரு முறைக்கு 500 ரூபாய். மகன் தரையில் தவழ ஆரம்பித்திருந்தான், கட்டிலைப் பிடித்து நிற்க முயற்சி செய்வான். ஆனால் முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக இருக்கும். தெருவில் யாராவது "இன்னும் நடக்கலையா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு எதுவும் ஓடாது. அப்படி ஒரு சமயத்தில்தான் அந்த வீடியோ வந்தது. நடக்காத குழந்தை ஒன்று, சிகிச்சைக்குப் பிறகு நடந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொள்ளும். அதை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்றே தெரியாது. கீழே இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். அதன் பிறகு அவர்களே தினமும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சென்டர் எங்கள் வீட்டிலிருந்து ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே முதலில் நம்மிடம் பேசுவது டாக்டர் இல்லை, கவுன்சிலர் என்று ஒருவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள். குழந்தையின் இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டு வழியாக ஊசி போடுவோம். அது மூளைக்குப் போய் கெட்டுப்போன செல்லைச் சரிசெய்யும். குழந்தையின் சொந்தச் செல் என்பதால் பக்கவிளைவே கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்கு எல்லாப் பெரிய மருத்துவமனையிலும் செய்வதுதான் இதுவும். மூளை வேகமாக வளர்வது ஐந்து வயது வரைதான், தள்ளிப்போட்டால் பிறகு செய்தும் பயனில்லை. கடைசியில் மூளை ஸ்கேன் படங்கள் இரண்டைக் காட்டினார். சிகிச்சைக்கு முன்னால் எடுத்ததில் நீலம் அதிகம், பின்னால் எடுத்ததில் சிவப்பும் மஞ்சளும் அதிகம். மூளை விழித்துக்கொண்டது என்றார்.

இதில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், ஏனென்றால் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. ரத்தப் புற்றுநோய்க்கும் தாலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்வது உண்மை. ஆனால் மஜ்ஜையில் முக்கியமாக இருப்பது ரத்தத்தை உண்டாக்குகிற செல். ரத்த நோய்க்கு அது வேலை செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அதைத் தண்டுவட நீரில் விட்டால் மூளையில் போய் நரம்பாக மாறி, போன இடத்தை நிரப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சொந்தச் செல்லே என்றாலும் மயக்க மருந்து, எலும்பில் ஊசி, தண்டுவடத்தில் ஊசி எல்லாம் உண்டு. தொற்று, தலைவலி, வாந்தி, சில குழந்தைகளுக்கு வலிப்பு வரை வரலாம். ஐந்து வயது வரை மூளை வேகமாக வளர்வது உண்மைதான். தெரபியை விடாமல் செய்யவேண்டிய காலம் அது என்பதுதான் அதற்குப் பொருள். அவர்களோ அதைச் சொல்லித்தான் எங்களை யோசிக்கவிடாமல் அவசரப்படுத்தினார்கள். அந்த வாரமே முன்பணம் கட்டினால் 25,000 குறைப்பதாகவும் சொன்னார்கள். இந்த வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் திரட்டிய கதை எல்லோர் வீட்டிலும் நடக்கிறதுதான். என் தாலிச் சங்கிலியைத் தவிர இருந்த நகை எல்லாம் வண்ணாரப்பேட்டை சேட்டுக் கடைக்குப் போனது. என் கணவர் போட்டிருந்த இரண்டு லட்ச ரூபாய் சீட்டை நிறைய தள்ளி எடுத்தோம், அதிலேயே நாற்பதாயிரத்துக்கு மேல் போனது. மாமியார் தன் சாவுச் செலவுக்கு என்று வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். "எம் பேரன் நடந்து வந்து எனக்குக் கொள்ளி வெச்சா போதும்" என்று அவர் சொன்னது இன்றும் நெஞ்சை அறுக்கிறது. பேக்கேஜ் மூன்றரை லட்சம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தங்கல், போக்குவரத்து, அவர் வண்டிக்குப் போகாத நாட்களின் கூலி என்று சேர்த்தால் நாலே கால் லட்சத்தைத் தாண்டியது. கட்டிய பணத்தில் பாதிக்கு ரசீதில் 'தெரபி கட்டணம்' என்று இருந்தது, ஸ்டெம் செல் என்ற சொல்லே அதில் இல்லை. எதற்காகப் பணம் வாங்குகிறார்கள் என்பதை ரசீதில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒப்புதல் படிவம் முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கைக்கு வந்தது. முழுக்க ஆங்கிலம். மகன் மறுநாளைக்காக வெறும் வயிற்றில் இருக்கவேண்டும் என்று அழுதுகொண்டிருந்தான், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டோம். பிறகு நிதானமாகப் படித்தபோது, முன்னேற்றத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்றும், இந்தச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருப்பதை நாங்கள் அறிவோம் என்றும் எழுதியிருந்தது. கவுன்சிலர் வாயால் சொன்ன எதுவும் அதில் இல்லை. பணம் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே படிவத்தின் நகலைத் தமிழில் கேட்டு வாங்குங்கள், அதை உங்கள் வழக்கமான குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சுக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதே தெரிந்துவிடும்.

ஊசி போட்டு அறைக்குக் கொண்டுவந்த பிறகு அவனை நேராகப் படுக்கவைத்தே இருக்கச் சொன்னார்கள். மூன்று வயதுகூட ஆகாத குழந்தை தலையைத் தூக்கக் கூடாது என்றால் எப்படி இருப்பான்? இடுப்பில் ஊசி குத்திய இடத்தைத் தொடவே விடமாட்டான். தலைவலி என்று சொல்லத் தெரியாமல் நெற்றியைச் சுவரில் முட்டினான், குடித்த பால் எல்லாம் வாந்தி. காய்ச்சல் அடங்க நாலைந்து நாள் ஆனது. போன் செய்தால் இது சகஜம்தான் என்றார்கள்.

அதன் பிறகு அங்கேயே தினமும் காலை, மாலை என்று தீவிரமான பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் கொடுத்தார்கள். பேக்கேஜில் அதுவும் சேர்ந்தது. சில வாரத்தில் அவன் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் கூடியது, முதுகு நிமிர்ந்தது. நாங்கள் மகிழ்ந்துபோனோம், சென்டர்காரர்கள் அதை வீடியோ எடுத்துக்கொண்டார்கள். என் ஆத்திரம் முழுவதும் இந்த இடத்தில்தான். அந்த வயதில் பெரும்பாலான சிபி குழந்தைகளுக்கும் உடல் அசைவில் முன்னேற்றம் வந்துகொண்டுதான் இருக்கும். பெரிய அசைவுகளில் அந்தக் குழந்தை எட்டக்கூடியதில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அதோடு தினமும் இரண்டு வேளை தெரபி கொடுத்தால் இன்னும் நன்றாக வரும். ஊசி போட்டதால் வந்ததா, வயதாலும் தெரபியாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாதபடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். அளந்து மதிப்பெண் போட்டதும் அவர்களே. எதைச் செய்வதானாலும் முன்னும் பின்னும் உங்கள் குழந்தையை, அந்தச் சென்டரோடு தொடர்பில்லாத வேறு ஒரு பிசியோவை வைத்து, அசைவுத் திறனை அளக்கிற ஜிஎம்எஃப்எம் அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்துக் காட்டப் போனபோது, ஒரு டோஸ் அடித்தளம்தான், இரண்டாவது, மூன்றாவது போட்டால்தான் நடப்பான் என்றார்கள். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் எங்களை உண்மையில் அடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். வட்டி, சீட்டுத் தவணை, வாடகை எல்லாம் போக வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசையில் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்து வருகிற கூலி கடனுக்கே போனது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோ பெண்ணிடம், கொஞ்ச நாள் வேண்டாம்மா என்று சொல்லவேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த பயிற்சிகளை அவனுக்கு நானே செய்துவந்தேன். ஆனால் அவன் உயரமானான், கணுக்காலைத் தாங்கப் போடுகிற பழைய ஏஎஃப்ஓ காலுக்குச் சிறிதானது, புதிது செய்யப் பணமில்லை. பல மாதம் கழித்து அதே பெண் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர், அவன் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு குதிகாலும் நல்லா ஏறிடுச்சு. முன்னாடி வந்த அளவு வளையல" என்றார். கெண்டைக்கால் தசை சுருங்கிவிட்டது. ஊசி போட்டபோது நின்றவன், இப்போது முன்பாதத்திலேயே தடுமாறினான். நாங்கள் இழந்தது நாலு லட்சம் மட்டும் இல்லை. அதே மூன்றரை லட்சத்துக்கு வாரம் நாலு முறை தெரபி என்று வைத்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் வந்திருக்கும். இந்தக் கணக்கை அந்தப் பெண்தான் என் எதிரில் போட்டுக் காட்டினார். அன்றைக்கு நான் அழுத அழுகை என் மகன் பிறந்த அன்றுகூட அழவில்லை.

பிறகு அரசு மருத்துவமனையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டுக் குதிகாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார்கள். அப்புறம் புது ஏஎஃப்ஓ. அங்கே இருந்த டாக்டர்தான் முதல்முறையாக விதிமுறை என்ன என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது. அங்கீகரித்த ஆய்வாகத்தான் செய்யலாம். ஆய்வு என்றால் அதில் சேரும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. மூளை முடக்குவாதம் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைப்பது மருத்துவர் செய்யும் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஆக, பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை. ஆய்வு இல்லையென்றால் அவர்கள் அதைச் செய்யவே கூடாது. எனக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும், அந்தக் கவுன்சிலர் அறையிலிருந்து எழுந்து வந்திருப்பேன். சிலர் சிடிஆர்ஐ பதிவு எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அந்தப் பதிவு, ஆய்வைப் பற்றிய விவரம் அரசு இணையதளத்தில் ஏறியிருக்கிறது என்பதற்குத்தானே தவிர, சிகிச்சைக்கு அனுமதி என்று பொருள் இல்லை. அந்த எண்ணை வைத்துத் தேடி, எந்த நோய்க்கு, எந்த வயதுக்கு, எந்த மருத்துவமனையில், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் சிபி குழந்தைகள் 63 பேருக்கு, பிறந்தபோது சேமித்த அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், உண்மையான செல் வாங்கிய குழந்தைகளுக்கும் வெறும் திரவம் வாங்கிய குழந்தைகளுக்கும் சராசரியில் வித்தியாசம் இல்லை. செல்லின் அளவு அதிகம் கிடைத்த குழந்தைகளிடம் மட்டும் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. அதனால் அந்த ஆராய்ச்சி தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால் அது கையில் நரம்பு வழியாக ஏற்றுகிற தொப்புள்கொடி ரத்தம். இங்கே நம்மிடம் காசு வாங்கிச் செய்வது இடுப்பு மஜ்ஜையைத் தண்டுவடத்தில் விடுவது. அந்தச் செய்தியைக் காட்டி இதை விற்பார்கள், இரண்டும் வேறு.

இருக்கிற பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால், முதலில் தெரபி. அதுவும் குழந்தையைப் படுக்கவைத்துக் காலை இழுத்துவிடுகிறது மட்டும் இல்லை. அவனே எழுந்து ஒரு பொருளை எடுக்க முயற்சி செய்கிற மாதிரியான பயிற்சி. காலுக்குப் பொருந்துகிற ஏஎஃப்ஓ. டாக்டர் சொன்னால், தசை இறுக்கத்தைத் தளர்த்துகிற போடாக்ஸ் ஊசி. எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்பு எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள், நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு வலியே தெரியாமல் விலகிப்போகலாம். இதையெல்லாம் அரசிடமும் வாங்கலாம். ஆறு வயதுக்குள் என்றால் அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பள்ளி வயதில் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி கிடைக்கும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவையும் சேர்த்து, கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250 ரூபாய்தான் சேர்க்கைக் கட்டணம். சிபிக்கு ஏற்ற நாற்காலி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தால் வரும். இதில் பலவற்றுக்கும் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும், அதை முதலில் எடுங்கள். முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் நல்ல சேவை உண்டு, ஆனால் நம் பக்கத்திலிருந்து போய்வர ஒரு நாளே ஓடிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிச் செய்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். முதல் வேலையாக மருத்துவப் பதிவேடுகளை எழுத்துமூலம் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது விதி. டிஸ்சார்ஜ் சம்மரி, ஒப்புதல் படிவ நகல், ரசீது, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், வீடியோ எதையும் அழிக்காதீர்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவமனை எந்தப் பக்கம் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே கொடுக்கலாம், நம் பக்கத்துக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். வக்கீல் இல்லாமலே நாமே பேசவும் முடியும். எங்கள் மனு அங்கே ஏற்கப்பட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. நோட்டீஸ் போன பிறகு சென்டரிலிருந்து போன் வந்தது, இரண்டாவது டோஸை இலவசமாகப் போடுகிறோம் என்றார்கள். அதையும் தேதியோடு எழுதி மனுவோடு சேர்த்துவிட்டோம்.